தமாஷா மேடையும் ‘ஃபகீரா’வும்: அண்ணாபாவ் சாத்தேயின் எழுத்து உருவான இடம்



நம் அமைப்பின் நினைவுரைகள் இதுவரை பெரும்பாலும் அச்சில் வந்த எழுத்தைப் பற்றியே அமைந்திருக்கின்றன. தன்வரலாறு பற்றிப் பேசியிருக்கிறோம், கவிதை பற்றிப் பேசியிருக்கிறோம், நாவலைப் பற்றி இரண்டு முறை பேசியிருக்கிறோம். ஆனால் யார் நினைவாக ஆண்டுதோறும் கூடுகிறோமோ அவர் எழுதியது குறைவு. ஆடியதும் பாடியதும்தான் அதிகம். சேரித் தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு நாடகம் போட்டுவிட்டு, விடிந்ததும் அதே திண்ணையில் உட்கார்ந்து கதை எழுதியவர் அவர். ராத்திரி எந்த இடத்தில் சனம் எழுந்து போனதோ, அந்த இடத்தைத்தான் காலையில் கையெழுத்துப் படியில் முதலில் அடிப்பார். அந்தப் பழக்கத்தை அப்போது நாம் ஒரு விசித்திரமாக மட்டுமே பார்த்தோம். அது ஓர் எழுத்து முறை என்பதையும், அதற்கு ஒரு பெரிய முன்னோடி மராட்டியத்தில் இருந்தார் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்த முன்னோடியைப் பற்றியது இந்த உரை.

துக்காராம் பாவுராவ் சாத்தே என்கிற அண்ணாபாவ் சாத்தே 1920 ஆகஸ்ட் 1 அன்று, இன்றைய சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த வாட்டேகாவ் என்ற ஊரில், மாங் சாதியில் பிறந்தார். மாங் சாதிக்கு அன்று இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று தீண்டாமை. மற்றொன்று 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம். 1911க்குப் பிறகு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்ததையும், கைரேகை வைக்க வரிசையில் நின்றவர்களையும் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அண்ணாபாவ் முழுதாக இரண்டு நாள்கூட இருக்கவில்லை. பதினோரு வயதளவில் குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே போனார். நிலக்கரி பொறுக்கினார், மூட்டை சுமந்தார், ஆலையில் வேலை செய்தார். கடைப் பலகைகளையும் சினிமா விளம்பரத் தட்டிகளையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். பள்ளி தராத இந்த எழுத்து அவருக்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. பம்பாயின் வறுமை கொடுத்தது என்பது ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வறுமை அனுபவத்தைக் கொடுக்கும், வடிவத்தைக் கொடுக்காது. கட்சி கருத்தைக் கொடுக்கும், ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே அறுப்பது என்று கற்றுக்கொடுக்காது. அதைக் கற்றுக்கொடுத்தது தமாஷா.

பம்பாயிலிருந்து சில ஆண்டுகளில் ஊர் திரும்பிய இளைஞர் அண்ணாபாவ், உறவினரான பாபு சாத்தேயின் தமாஷாக் குழுவில் சேர்ந்தார். தமாஷா என்ன என்பதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பேஷ்வாக்கள் காலத்தில் தழைத்த கலை இது. ஆடியவர்கள் மகர், மாங், கொல்ஹாட்டி முதலிய சாதியினர். பார்த்தவர்கள் ஊர் முழுக்க. பார்த்து ரசித்தவர்களே ஆடியவர்களை இழிந்தவர்கள் என்றார்கள். டோல்கி என்ற மத்தளம், தோல்பறையான ஹல்கி, ஒற்றைத் தந்தி கொண்ட துண்துணே, ஜால்ரா ஆகியவை வாத்தியங்கள். ஆட்டம் கணபதி வணக்கத்தோடு தொடங்கும். அடுத்து ‘கவ்ளண்’: பால் விற்கப் போகும் பெண்களைக் கிருஷ்ணனும் அவன் கூட்டாளிகளும் வழிமறித்துக் கேலி செய்யும் பகுதி. பிறகு கிண்டல் பேச்சும் லாவணிப் பாட்டும். கடைசியில் ‘வக்’ எனப்படும் கதை நாடகம். லாவணி நமக்கும் அந்நியச் சொல் அன்று. தஞ்சை மராட்டியர் வழியாக வந்து, எரிந்த கட்சி எரியாத கட்சி என்று காமன் பண்டிகையில் நம் ஊர்களில் விடிய விடியப் பாடப்பட்டதுதான்.

வக் பகுதியில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. மரபான தமாஷாவில் அதற்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. கதை தெரியும், காட்சி வரிசை தெரியும். பேச்சு மேடையில்தான் பிறக்கும். எதிரே இருப்பவர் சிரித்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடும். அவர் கொட்டாவி விட்டால் காட்சி அங்கேயே முடியும். நடுவில் ‘சோங்காட்யா’ என்ற கோமாளி வருவான். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு அண்ணன் தம்பி முறை. ராஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டே ராஜாவைக் கேலி செய்யும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. பகலில் பாட்டீலின் முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நிற்கும் மனிதன், இரவில் அதே பாட்டீலைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்கிறான், ஊரும் சிரிக்கிறது. காலையில் மறுபடியும் செருப்பு கையில். இந்தக் கலையின் விடுதலையும் அவமானமும் இப்படி ஒரே இரவுக்குள் அடங்கியவை.

மீண்டும் பம்பாய் வந்து, மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைகளில் தொழிலாளர்களோடு வாழ்ந்தபோது அண்ணாபாவ் பாட்டுக் கட்டத் தொடங்கினார். அந்தக் குடிசைகளின் கொசுக்களைப் பற்றிக் கட்டியதுதான் அவருடைய முதல் பாட்டு என்பார்கள். வீரர்களைப் பாடும் ‘பொவாடா’ வடிவத்தைக் கொசுவுக்குக் கொடுத்தது சோங்காட்யா செய்யும் வேலைதான். 1943இல் அதே வடிவத்தில் ஸ்டாலின்கிராட் போரைப் பாடினார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற சிவப்புக் கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். ‘அக்லேச்சி கோஷ்ட்’, ‘தேஷபக்த கோடாளே’, ‘ஷேட்ஜீச்சே இலெக்ஷன்’, ‘மும்பை குணாச்சி’ என்று நாடகங்கள் வரிசையாக வந்தன. கடைசி நாடகத்தின் பெயருக்கு ‘மும்பை யாருடையது’ என்று பொருள். ஆலை வாசலிலும் சால்களின் முற்றங்களிலும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, பதில் முன்னால் உட்கார்ந்திருந்தது.

இந்த நாடகங்களில் அவர் செய்த மாற்றங்களில் முக்கியமானது ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் நடந்தது. கணபதி வணக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மண்ணையும் உழைப்பவர்களையும் போராட்டத்தில் இறந்தவர்களையும் வணங்கினார். கவ்ளண் பகுதியை விட்டுவிட்டார். மற்ற எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டார். வணக்கம் என்ற இடத்தை அவர் காலி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரை முதலில் கும்பிடுகிறோம் என்பதில்தான் ஓர் ஆட்டத்தின் கட்சி தெரிகிறது என்று மேடை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. சுதந்திரம் வந்த ஆண்டுகளை ஒட்டிப் பம்பாய் அரசு தமாஷாவை ஆபாசம் என்று சொல்லித் தடை செய்தது. பிறகு தணிக்கைக்கு உட்படுத்தி அனுமதித்தது. அண்ணாபாவ் தம் ஆட்டத்துக்கு ‘லோக்நாட்யா’, மக்கள் நாடகம், என்று பெயர் வைத்தார். தடையைத் தாண்டச் செய்த தந்திரம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் மராத்தி நடுத்தர வர்க்கம் டிக்கெட் வாங்கிப் பார்த்த லோக்நாட்யங்களுக்கு அந்தப் பெயரை யார் கொடுத்தார் என்பதைத்தான் அந்த அரங்குகள் மறந்துவிட்டன.

இப்போது ‘ஃபகீரா’வுக்கு வருவோம். 1959இல் வந்த இந்த நாவல் 1961இல் மாநில அரசின் பரிசைப் பெற்றது. கதையின் அடிப்படை உண்மையானது. ஃபகீரா அண்ணாபாவின் ஊரையும் சாதியையும் சேர்ந்த ஒரு கலகக்காரன். கொள்ளையடித்த அரசுக் கருவூலப் பணத்தில் இரண்டு கை அள்ளி, அண்ணாபாவைப் பெற்றுப் படுத்திருந்த தாயிடம் அவன் கொடுத்துவிட்டுப் போனான் என்பது அந்தக் குடும்பத்தின் கதை. நாவல் ஃபகீராவின் தந்தை ராணோஜியிடம் தொடங்குகிறது. பக்கத்து ஊர்த் திருவிழாவின் ‘ஜோகினி’ என்ற சடங்குச் சின்னத்தைப் பறித்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால், திருவிழா நடத்தும் உரிமை பறித்த ஊருக்கு வந்துவிடும். ராணோஜி அதற்காகப் புறப்படுகிறான். அதற்காகவே வெட்டப்பட்டுச் சாகிறான். மகன் வளர்கிறான். பஞ்சம் வருகிறது. பட்டினியில் சாகும் சனத்துக்காக ஃபகீரா தானியத்தைக் கொள்ளையிடுகிறான், கருவூலத்தைக் கொள்ளையிடுகிறான். அரசு ஊராரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போது அவர்களை விடுவிக்கத் தானே வந்து சரணடைகிறான்.

இந்த நாவலை மிகைநாடகம் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் உண்டு. பாத்திரங்களின் மனத்துக்குள் ஆசிரியர் போவதில்லை, எல்லாம் உரத்த குரலில் நடக்கிறது, திருப்பங்கள் அதிகம் என்பார்கள். குறை என்று அவர்கள் பட்டியலிடும் ஒவ்வொன்றும் மேடையிலிருந்து வந்தது என்பதுதான் நம் வாதம். ‘ஃபகீரா’வில் முக்கியமான காரியம் எதுவும் தனியறையில் நடப்பதில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் துணிச்சல்காரனா கோழையா என்பதை அவன் மனதில் என்ன ஓடியது என்று சொல்லி அண்ணாபாவ் நிறுவுவதில்லை. நாலு பேர் முன்னால் அவன் என்ன செய்தான் என்று காட்டுகிறார். தனியறை வைத்திருந்தவர்களின் நாவலில் மனிதன் தனியறையில் தன்னைக் கண்டுபிடிப்பான். மாங்வாடாவில் யாருக்கு இருந்தது தனியறை?

குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் வந்த ‘ஹஜேரி’யை நாவல் கையாளும் விதத்தைப் பாருங்கள். நாள்தோறும் பெயர் கூப்பிடுவார்கள். இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குற்றவாளி. வரலாற்று நூல்களில் இது ஒரு சட்டப்பிரிவு. தமாஷாவில் ஆடியவரின் கண்ணுக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. ஒருவன் பெயரைக் கூப்பிடுகிறான், மற்றவன் கைகட்டி நின்று தனக்குக் கொடுத்த வசனத்தைச் சொல்கிறான், சுற்றிலும் ஊர் நின்று வேடிக்கை பார்க்கிறது. இதுவும் ஒரு மேடைதான். சாதி நாள்தோறும் நடத்தும் நாடகம், அதில் மாங் சாதிக்காரனின் வேடம் நிலையானது. அந்த வேடத்தை ஒருவன் கழற்றி எறிந்தால் என்ன ஆகும் என்பதே ‘ஃபகீரா’வின் கதை. நிலவுடைமை பற்றியும் காலனியச் சட்டம் பற்றியும் படித்தறிந்த ஒருவர் இந்த நாவலை வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும். இப்படி எழுதியிருக்க முடியாது.

நாவலை அண்ணாபாவ் பாபாசாகேப் அம்பேத்கரின் போராடும் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. காணிக்கையாக்கியவரோ கம்யூனிஸ்ட். அவர் மார்க்சியரா அம்பேத்கரியரா என்று இரு தரப்பும் இன்றுவரை நடத்தும் வழக்கை இங்கே நாம் விசாரிக்கப் போவதில்லை. நாம் கவனிப்பது ஒன்றே ஒன்று: ஆட்டம் தொடங்கும் முன் வணக்கம் சொல்லும் தமாஷாக்காரரின் பழக்கம் அச்சுப் புத்தகத்துக்கும் வந்துவிட்டது. கணபதி இருந்த இடத்தில் தொழிலாளியை வைத்தவர், நாவலின் முதல் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தார்.

1958இல் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டில் அவர் ஆற்றிய தொடக்கவுரையும் இதே கையால் ஆனதுதான். பூமியை ஆதிசேஷன் தலையில் தாங்குகிறான் என்ற புராணத்தை எடுத்து, இல்லை, தலித்துகளும் தொழிலாளிகளும் தங்கள் உள்ளங்கையில் தாங்குகிறார்கள் என்று திருப்பினார். இன்று மராட்டியத்தில் சுவரொட்டியெங்கும் இருக்கும் கருத்து இது. கோட்பாட்டு நூலைப் படித்துச் சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை. புராணத்தை முழுக்கச் சொல்லி, சபை தலையாட்டும் நேரத்தில் ஒரே வரியில் கவிழ்ப்பது சோங்காட்யாவின் வேலை.

இங்கே நிறுத்தினால் உரை இனிமையாக முடியும். ஆனால் மேடைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் போனால் அந்த மேடையில் நின்ற பெண்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

வாட்டேகாவ் இருக்கும் அதே வட்டாரத்தில் பிறந்த பட்டே பாபுராவ் ஒரு பிராமணர், குல்கர்ணி குடும்பம். தமாஷாவின் மீது கொண்ட காதலால் சாதியை விட்டு வந்து, லாவணி கட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவருடைய மேடையின் நட்சத்திரம் பவளா என்ற மகர் பெண். மகத் போராட்டக் காலத்தில் தங்கள் ஆட்டங்களின் வசூலை இயக்கத்துக்குத் தர இவர்கள் முன்வந்தபோது, தன் சாதிப் பெண்ணை ஆடவைத்து வந்த பணம் வேண்டாம் என்று அம்பேத்கர் மறுத்ததாக ஒரு நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. அந்த மறுப்பின் நியாயம் நமக்குப் புரிகிறது. தமாஷாப் பெண்ணின் உடல்மீது ஊர்ப் பெரிய மனிதர்கள் கொண்டாடிய உரிமை சாதியின் உரிமைதான். ஆனால் பவளாவின் பக்கம் நின்றும் ஒருமுறை யோசிக்க வேண்டும். கொடுக்க வந்தவள் தன் உழைப்பைத்தான் கொண்டுவந்தாள். 2022இல் வந்த ஷைலஜா பைக்கின் ஆய்வு நூல் இந்தக் காயத்தை விரிவாகப் பேசுகிறது; ஆங்கிலம் படிக்கக்கூடிய மாணவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.

அம்பேத்கர் நிகழ்த்துகலையை வெறுத்தவர் அல்லர். பீம்ராவ் கர்டக் 1930களில் நடத்திய ‘ஜல்ஸா’ ஒன்று தன் பத்துக் கூட்டங்களுக்குச் சமம் என்று அவர் சொன்னதாக ஜல்ஸாக்காரர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். ஜல்ஸா தமாஷாவின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. பெண்ணின் ஆட்டத்தை விட்டுவிட்டது. அதற்கும் முன்பே, 1855இல், ஜோதிராவ் பூலே ‘திருதீய ரத்னா’ நாடகத்தில் விதூஷகன் ஒருவனை நிறுத்தி, புரோகிதன் குடியானவத் தம்பதியை ஏமாற்றுவதைப் போட்டு உடைக்கச் செய்தார். ஆக பூலே, கர்டக், அண்ணாபாவ் என்று கோமாளிக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஆடிய பெண்ணுக்கு அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. மேடையைச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்பப்பட்டவள் அவள்தான். அண்ணாபாவ் கவ்ளண் பகுதியை நீக்கியதிலும் இந்தச் சிக்கல் உண்டு. அவர் அதை உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். ‘வைஜயந்தா’ நாவலின் நாயகியாகத் தமாஷாப் பெண்ணையே அவர் வைத்தார். 1961இல் அது திரைப்படமாகவும் வந்தது. தம் மேடையில் இடம் தர முடியாதவளுக்கு நாவலில் இடம் தந்தார். அது போதுமா என்றால், போதாது.

இந்த விவாதம் நமக்குப் புதிதன்று. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையை உடைத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. போராட்ட மேடையில் அதே பறையைத் தோளில் மாட்டிய தோழர்களும் உண்டு. இருவரும் ஒரே இயக்கத்தின் பிள்ளைகள். தமிழ் தலித் இலக்கிய வரலாற்றை எழுதும்போது மட்டும், 1990களின் தொடக்கத்தில் புத்தகங்கள் வரத் தொடங்கியதிலிருந்து எண்ணுகிறோம். கே. ஏ. குணசேகரனை எங்கே வைப்பது என்று தடுமாறுகிறோம். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர் ஊராகப் பாடியவர், நாட்டார் பாடல்களை ஆய்ந்த பேராசிரியர், ‘பலி ஆடுகள்’ நாடகத்தை எழுதியவர், 2005இல் ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர் என்று நான்கு பேராக அவரைப் பிரித்துவைத்திருக்கிறோம். ‘வடு’வை எடுத்து ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கூட்டத்தின் முன் நின்று குரலை எங்கே ஏற்றி எங்கே விடவேண்டும் என்று அறிந்த பாடகரின் பேச்சு அது. நால்வரும் ஒருவரே.

அண்ணாபாவ் 1969 ஜூலை 18 அன்று, 48 வயதில், வறுமையில் இறந்தார். 2002இல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். நாவல்கள் அச்சில் இருக்கின்றன. ஆனால் அவர் மேடையில் நின்று அந்தக் கணத்தில் பிறப்பித்த பேச்சுகளில் பெரும்பகுதி, கேட்டவர்களோடு போய்விட்டது.

நம் தோழரின் நாடக நோட்டுப் புத்தகங்கள் ஏழு நம்மிடம் இருக்கின்றன. இரண்டைக் கறையான் அரித்திருக்கிறது. வசனங்களின் ஓரத்தில் பென்சிலால் ஊர்ப் பெயரும், சனம் எங்கே சிரித்தது, எங்கே எழுந்து போனது என்ற குறிப்புகளும் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றைப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பல இடங்களில் நாலு வரி காட்சிக் குறிப்பு மட்டும் எழுதிவிட்டு, மீதி மேடையில் என்று விட்டிருக்கிறார். அந்த மீதி என்னவென்று, அன்று முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்களில் சிலருக்கு இன்று எழுபது வயது. இந்தக் கூட்டத்திலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உரை முடிந்ததும் போய்விடாமல், வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் நினைவில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.